அறிவியல் கேள்வி – பதில்: அளவுகோலாகும் அணு

சென்ற இதழில் நேர அளவீடு பற்றி வெளியான சிறு குறிப்பைப் படித்த வாசகர்கள் பலர், அணுக் கடிகாரங்களைப் பற்றியும், அணுக்களைக் கொண்டு ஈர்ப்பையும் காந்தப்புலத்தையும் அளக்கும் கருவிகளைப் பற்றியும் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகள் என்பதால் இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

அணுக் கடிகாரம் என்றதும் மாணவர்கள் அணுகுண்டையும் அணுமின் நிலையத்தையும் நினைத்துக்கொண்டு, அது கதிர்வீச்சை வெளியிடாதா என்று கேட்கிறார்கள். அதற்குள் உண்மையில் நடப்பது என்ன?
– பள்ளி ஆசிரியை, ஈரோடு

அணுக் கடிகாரத்துக்குக் கதிரியக்கத்தோடு தொடர்பே இல்லை என்று மாணவர்களிடம் உறுதியாகச் சொல்லுங்கள். அணு உலைகளில் உருவாகி, சுமார் 30 ஆண்டு அரை ஆயுளோடு கதிர்வீசும் சீசியம்-137 வேறு. கடிகாரத்தில் பயன்படும் சீசியம்-133 வேறு. பின்னது இயற்கையில் கிடைக்கும், சிதையாத ஐசோடோப்பு. கடிகாரத்துக்குள் அணுக்கரு பிளப்பதும் இல்லை, சிதைவதும் இல்லை.

சீசியம் அணுவின் கருவும், அதன் வெளிக்கூட்டில் தனித்திருக்கும் ஒற்றை எலக்ட்ரானும் நுண்ணிய காந்தப் பண்பு உடையவை. இவ்விரு காந்தங்களும் ஒரே திசை நோக்கி அமையும்போது அணுவுக்குள்ள ஆற்றலும், எதிரெதிராக அமையும்போதுள்ள ஆற்றலும் மிகச் சிறிதளவு வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டுக்குச் சரியாகப் பொருந்தும் நுண்ணலை பட்டால்தான் அணு ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். அந்த அலையின் அதிர்வெண் விநாடிக்கு 919 கோடியே 26 லட்சத்து 31 ஆயிரத்து 770. எடைகள், அளவுகளுக்கான பன்னாட்டுப் பொது மாநாடு 1967-இல் இந்த எண்ணைக் கொண்டே விநாடியை வரையறுத்தது.

மாணவர்கள் தவறாமல் அறிய வேண்டிய ஒன்று உண்டு. நேரத்தை எண்ணுவதற்கான துடிப்பைத் தருவது, நம் கைக்கடிகாரத்தில் இருப்பது போன்ற ஒரு குவார்ட்ஸ் படிகம்தான். அந்தத் துடிப்பிலிருந்து நுண்ணலையை உருவாக்கி அணுக்களின் மேல் செலுத்துகிறார்கள். எத்தனை அணுக்கள் நிலை மாறின என்று பார்க்கிறார்கள். எதிர்பார்த்ததைவிடக் குறைவாக மாறினால் படிகம் சற்று விலகிவிட்டது என்று பொருள். உடனே அதைத் திருத்துகிறார்கள். இந்தச் சோதனையும் திருத்தமும் இடையறாது நடந்துகொண்டே இருக்கும். ஆகவே ஓடுவது படிகம், அதைத் தீர்ப்புச் சொல்லித் திருத்துவது அணு.

இந்தப் பொறுப்பை அணுவிடம் ஒப்படைக்கக் காரணம், ஒரு சீசியம்-133 அணுவுக்கும் இன்னொன்றுக்கும் எள்ளளவும் வேறுபாடு கிடையாது என்பதே. ஊசலின் நீளம் வெப்பத்தில் கூடும். படிகம் ஆண்டுகள் செல்லச் செல்ல மாறும். பூமியின் சுழற்சியேகூடக் கடல் ஓதங்களின் இழுப்பால் மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது. அணு தேய்வதில்லை. இங்கிலாந்தின் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் லூயி எசனும் ஜாக் பாரியும் 1955-இல் முதல் நடைமுறைச் சீசியம் கடிகாரத்தை இயக்கிக் காட்டியபோது, வானியலாளர்களின் கையில் இருந்த நேரக் காப்பு இயற்பியல் ஆய்வகங்களுக்கு இடம்பெயரத் தொடங்கியது.

முப்பது கோடி ஆண்டுகளில் ஒரு விநாடி மட்டுமே பிழைக்கும் கடிகாரம் என்று படித்தேன். முப்பது கோடி ஆண்டுகள் யாரும் காத்திருக்கவில்லையே, இதை எப்படிச் சரிபார்த்தார்கள்?
– பொறியியல் மாணவர், மதுரை

அந்தக் கூற்று ஒரு விகிதத்தை எளிதாக மனத்தில் பதிய வைப்பதற்காகச் சொல்லப்படுவது. ஒரு கோடிக் கோடியில் ஒரு பங்கை இன்னும் நூறாகப் பகுத்தால் கிடைக்கும் அளவே அதன் பிழை. அதை அறிய நீண்ட காலம் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு கடிகாரங்களை அருகருகே ஓட விட்டு ஒப்பிட்டால் போதும். ஏறத்தாழ ஒரே சுருதியில் உள்ள இரண்டு தம்புரா நரம்புகளைச் சேர்த்து மீட்டும்போது எழும் விம்மல், தனித்தனியே கேட்டால் காது உணர முடியாத வேறுபாட்டைக் காட்டிக்கொடுப்பது போல, இரண்டு கடிகாரங்களின் அதிர்வெண்களுக்கு இடையிலான வேறுபாடு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வெளிப்பட்டுவிடும்.

ஆனால் இரண்டும் ஒரே மாதிரி தவறினால் ஒப்பீடு அதைக் காட்டாது. உங்கள் கேள்வியின் உண்மையான கனம் இங்கேதான் இருக்கிறது. அணு மாறாதது என்றாலும் அதைச் சூழ்ந்திருப்பவை மாறக்கூடியவை. பக்கத்தில் உள்ள காந்தப்புலம் ஆற்றல் நிலைகளை நகர்த்தும். அணுவின் வேகம் டாப்ளர் விளைவால் அதிர்வெண்ணை மாற்றும். அறையின் சுவர்களிலிருந்து வரும் சாதாரண வெப்பக் கதிர்வீச்சு மட்டுமே சீசியத்தின் அதிர்வெண்ணைப் பத்துக் கோடிக் கோடியில் சுமார் 17 பங்கு குறைத்துவிடும். இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் பார்த்து, அதனால் எவ்வளவு நகர்வு ஏற்படுகிறது என்று அளந்து, கணக்கிட்டுக் கழித்து, கழித்த பின்னும் எஞ்சும் ஐயத்தையெல்லாம் கூட்டி எழுதுகிறார்கள். கடிகாரத்தின் பிழை என்று வெளியிடப்படும் எண் அந்தக் கூட்டுத்தொகைதான். ஒரு கடிகாரத்தை உருவாக்க ஆகும் காலத்தைவிட இந்தப் பட்டியலை நேர்மையாக நிறைவுசெய்ய ஆகும் காலம் அதிகமாகவும் இருக்கலாம். இத்துறையில் நான் பெரிதும் மதிப்பது இந்தப் பொறுமையைத்தான்.

துல்லியத்தைக் கூட்டிய மாற்றங்கள் இரண்டு. முதலாவது, லேசர் ஒளியால் அணுக்களைக் குளிர்வித்து, ஒரு கெல்வினின் பத்து லட்சத்தில் சில பங்கு வெப்பநிலைக்குக் கொண்டுவரும் முறை. இதற்காக ஸ்டீவன் சூ, கிளாட் கோஹன்-டனூஜி, வில்லியம் பிலிப்ஸ் ஆகியோர் 1997-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். இப்படிக் குளிர்ந்த அணுத் திரளை மேல் நோக்கி வீசி, அது ஏறும்போது ஒரு முறையும் இறங்கும்போது ஒரு முறையும் நுண்ணலையைக் காட்டினால், இடையில் ஏறத்தாழ ஒரு விநாடி கிடைக்கிறது. அணுவைச் சோதிக்கும் நேரம் நீள நீள அதன் அதிர்வெண் கூர்மையாகத் தெரியும். இவையே நீரூற்றுக் கடிகாரங்கள். நீங்கள் படித்த முப்பது கோடி ஆண்டுக் கணக்கு இவற்றுக்கு உரியது.

இரண்டாவது மாற்றம், நுண்ணலையை விட்டு ஒளிக்கு மாறியது. ஸ்ட்ரோன்சியம் அணுவில் பயன்படும் சிவப்பு லேசர் ஒளி விநாடிக்கு 429 லட்சம் கோடி முறை அதிர்கிறது. சீசியத்தைவிட ஏறத்தாழ 47 ஆயிரம் மடங்கு மெல்லிய கோடுகள் கொண்ட அளவுகோல் கிடைத்தது என்று கொள்ளலாம். டோக்கியோவின் ஹிடெடோஷி கட்டோரி 2001-இல் முன்வைத்த வழிப்படி, லேசர் ஒளியால் ஆன நுண்குழிகளில் ஆயிரக்கணக்கான ஸ்ட்ரோன்சியம் அணுக்களைப் பிடித்து வைக்கிறார்கள். பிடித்து வைக்கும் ஒளியே அணுவின் ஆற்றல் நிலைகளைக் குலைத்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். குலைக்கும், ஆனால் அலைநீளம் 813 நானோமீட்டராக இருக்கும்போது இரண்டு நிலைகளும் சம அளவில் நகர்வதால் அவற்றுக்கு இடையிலான வேறுபாடு அப்படியே இருக்கும். அமெரிக்காவின் போல்டரில் ஜுன் யே குழுவினர் இயக்கும் இத்தகைய கடிகாரத்தின் பிழை இன்று பத்தாயிரம் கோடிக் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியிருக்கிறது. விநாடியின் வரையறையையே ஒளிக் கடிகாரங்களுக்கு மாற்றுவது குறித்துப் பன்னாட்டு அமைப்புகள் இப்போது ஆராய்ந்து வருகின்றன.

நான் வசிக்கும் ஊர் கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் இருக்கும் என் மகளைவிட எனக்கு நேரம் வேகமாக ஓடுகிறது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா, வெறும் கணக்கா?
– ஓய்வு பெற்ற அஞ்சல் அலுவலர், உதகமண்டலம்

உண்மை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின்படி, ஈர்ப்பின் பிடி ஆழமாக உள்ள இடத்தில் நேரம் மெதுவாகவும், அதிலிருந்து மேலே செல்லச் செல்ல வேகமாகவும் ஓடும். தரைக்கு அருகே ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் இந்த வேறுபாடு நூறு கோடிக் கோடியில் சுமார் 1.1 பங்கு. உங்கள் ஊருக்கும் சென்னைக்கும் கணக்கிட்டால், ஓர் ஆண்டில் உங்கள் கடிகாரம் ஏறத்தாழ 7.7 மைக்ரோ விநாடி முந்தியிருக்கும். எண்பது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தாலும் ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாத வேறுபாடு இது. ஆனாலும் அளந்து அறியக்கூடிய வேறுபாடு.

அளந்தும் இருக்கிறார்கள். 1971 அக்டோபரில் ஜோசப் ஹாஃபெல், ரிச்சர்டு கீட்டிங் என்ற இரு அமெரிக்கர்கள், நான்கு சீசியம் கடிகாரங்களைச் சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏற்றி, ஒரு முறை கிழக்கு நோக்கியும் ஒரு முறை மேற்கு நோக்கியும் உலகைச் சுற்றி வந்தனர். மேற்கே சென்று திரும்பிய கடிகாரங்கள் தரையில் இருந்தவற்றைவிட 273 நானோ விநாடி முந்தியிருந்தன; கிழக்கே சென்றவை 59 நானோ விநாடி பிந்தியிருந்தன. உயரம் நேரத்தை விரைவுபடுத்துகிறது, வேகம் தாமதப்படுத்துகிறது. பூமியும் கிழக்கு நோக்கியே சுழல்வதால் கிழக்கே பறக்கும் விமானத்துக்கு வேகத்தின் பங்கு கூடுகிறது. இரண்டையும் சேர்த்துக் கோட்பாடு சொன்ன கணக்கோடு அந்த எண்கள் அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் ஒத்துப்போயின.

நம் கைப்பேசிக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. உயரத்தால் அவற்றின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 45 மைக்ரோ விநாடி முந்துகின்றன, வேகத்தால் 7 மைக்ரோ விநாடி பிந்துகின்றன. மீதமுள்ள 38 மைக்ரோ விநாடியைத் திருத்தாமல் விட்டால், அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தொலைவான சுமார் 11 கிலோமீட்டர் அளவுக்குத் தொலைவுக் கணக்கில் ஒவ்வொரு நாளும் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்து நடந்தவைதான் எனக்குப் பெருவியப்பைத் தருகின்றன. 2010-இல் போல்டரில் டேவிட் வைன்லேண்டு குழுவினர் இரண்டு அலுமினிய அயனிக் கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி, அது வேகமாக ஓடுவதைக் கண்டனர். 2020-இல் கட்டோரி குழுவினர் டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் உயரத்திலும் ஸ்ட்ரோன்சியம் கடிகாரங்களை வைத்தபோது மேலே இருந்தது விநாடிக்கு 21 அதிர்வுகள் கூடுதலாகக் காட்டியது. 2022-இல் ஜுன் யே குழுவினர், ஒரே கடிகாரத்துக்குள் இருந்த ஒரு மில்லிமீட்டர் அளவேயான அணுத் திரளின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நேரம் வேறுபடுவதை வெளியிட்டனர்.

இங்கே கடிகாரத்தின் வேலையே மாறிவிடுவதைக் கவனியுங்கள். இரண்டு கடிகாரங்கள் எவ்வளவு உயர வேறுபாட்டில் இருக்கின்றன என்பது தெரியாவிட்டால் அவற்றின் நேரத்தைச் சரியாக ஒப்பிட முடியாது. அதையே திருப்பினால், நேர வேறுபாட்டிலிருந்து உயர வேறுபாட்டை அறியலாம். கடல் மட்டம் என்பது நாட்டுக்கு நாடு சற்றே வேறுபட்ட அடிப்படையில் வரையறுக்கப்பட்டிருக்கும் நிலையில், கண்ணாடி இழைகளால் இணைக்கப்பட்ட கடிகாரங்களைக் கொண்டு கண்டம் முழுவதற்கும் ஒரே உயர அளவீட்டை உருவாக்கும் முயற்சி ஐரோப்பாவில் நடந்து வருகிறது.

இந்தியச் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் பழுதானது ஏன் அவ்வளவு பெரிய செய்தியானது?
– வாசகர், திருச்சி

ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் செல்கிறது. செயற்கைக்கோளின் நேரம் தெரியாவிட்டால் தொலைவும் தெரியாது. இந்தியாவின் சொந்த இடங்காட்டி அமைப்பான நாவிக்கின் முதல் செயற்கைக்கோளான ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்-1ஏ-வில் இருந்த, வெளிநாட்டிலிருந்து வாங்கப்பட்ட மூன்று ருபிடியம் கடிகாரங்களும் செயலிழந்தபோது, செயற்கைக்கோள் நலமாக இருந்தும் இடங்காட்டும் பணிக்குப் பயனற்றதாகிவிட்டது. அதன் பின் உள்நாட்டிலேயே உருவாக்கிய ருபிடியம் கடிகாரத்தை 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்-01 சுமந்து சென்றது. இத்தகைய கடிகாரங்களைச் செய்யும் நாடுகள் உலகில் மிகச் சிலவே.

எங்கள் பக்கத்தில் இன்னமும் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறார்கள். அணுக்களைக் கொண்டு நிலத்தடியை அறியும் கருவி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அது நீரைக் காட்டுமா?
– விவசாயி, தருமபுரி

தேங்காய் நீரைக் காட்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அணுக் கருவி நிலத்தடியில் நிறை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதைக் காட்டும். ஆனால் உங்கள் தோட்டத்தில் எந்த இடத்தில் ஆழ்குழாய் போடலாம் என்று இன்றைய நிலையில் சொல்லிவிடாது. இதை முதலிலேயே தெளிவாக்கிவிட்டு, கருவியைப் பற்றிச் சொல்கிறேன்.

குளிர்ந்த ருபிடியம் அணுக்களை வெற்றிடக் குழாயில் விழ விடுகிறார்கள். குவாண்டம் இயற்பியலின்படி அணுவுக்கு அலைப் பண்பும் உண்டு. முதல் லேசர்த் துடிப்பு ஒவ்வோர் அணுவின் அலையையும் இரண்டு பாதைகளில் பிரிக்கிறது. இரண்டாவது அவற்றை ஒன்றை நோக்கி ஒன்றாகத் திருப்புகிறது. மூன்றாவது மீண்டும் இணைக்கிறது. பிரிந்திருந்த நேரத்தில் அணு எவ்வளவு விழுந்தது என்பது, இணையும்போது இரு அலைகளின் படிநிலையில், அதாவது அவற்றின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நிலையில், உள்ள வேறுபாடாகப் பதிவாகிவிடுகிறது. துடிப்புகளுக்கு இடையே விநாடியில் பத்தில் ஒரு பங்கு விட்டாலே, ஈர்ப்பினால் அந்த வேறுபாடு ஏறத்தாழ இரண்டரை லட்சம் அலைச் சுற்றுகள் அளவுக்குப் பெருகும். அதில் ஒரு சுற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கைப் படித்துவிட்டால் ஈர்ப்பை நூறு கோடியில் நான்கு பங்கு நுட்பத்தில் அறிந்ததாகும். மார்க் கசெவிச்சும் ஸ்டீவன் சூவும் ஸ்டான்ஃபோர்டில் 1991-இல் இம்முறையைச் செய்து காட்டினர். 1999-இல் அதே பல்கலைக்கழகத்தில் நூறு கோடியில் மூன்று பங்கு என்ற துல்லியம் எட்டப்பட்டது.

நிலத்தடி நீருக்கு வருவோம். பரந்த நிலப்பரப்பின் அடியில் ஒரு மீட்டர் கனமுள்ள நீர் கூடினால், அதன் மேல் ஈர்ப்பு இரண்டு கோடியே முப்பது லட்சத்தில் ஒரு பங்கு கூடும். நிலத்தின் நுண்துளைகள் பத்தில் ஒரு பங்கு இடம் என்றால், நீர்மட்டம் பத்து மீட்டர் இறங்குவது ஒரு மீட்டர் நீரை இழப்பதற்குச் சமம். அணு ஈர்ப்புமானி இதைத் தாராளமாக உணரும். ஆகவே ஒரு வட்டாரத்தின் நிலத்தடி நீர் ஆண்டுக்கு ஆண்டு எவ்வளவு குறைகிறது என்பதைக் கண்காணிக்க இது ஏற்ற கருவி. நம் வறண்ட மாவட்டங்களுக்கு அந்தத் தகவலே முதல் தேவை என்பது என் உறுதியான கருத்து.

களத்தில் பெரிய இடைஞ்சல் தரையின் அதிர்வு. வண்டி ஒன்று கடந்தாலே அளவீடு குலையும். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அணுத் திரள்களை ஒரே லேசரால் அளந்து, இரண்டுக்கும் பொதுவான அதிர்வைக் கழித்துவிட்டு, சாலையின் அடியில் இருந்த, சுமார் இரண்டு மீட்டர் அகலமுள்ள சுரங்கவழியைக் கண்டறிந்ததை 2022-இல் வெளியிட்டனர். ஆய்வகத்துக்கு வெளியே கிடைத்த முக்கியமான வெற்றி அது.

மூளையின் காந்தப்புலத்தை அளக்க அணுக்கள் பயன்படுகின்றனவா?
– செவிலியர், புதுச்சேரி

ஆம். மூளையின் நரம்பணுக்களில் ஓடும் மின்னோட்டம் தலைக்கு வெளியே உண்டாக்கும் காந்தப்புலம், பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் ஐம்பது கோடி மடங்கு மெலிந்தது. இதுவரை அதை அளந்த கருவிகளின் உணரிகளைத் திரவ ஹீலியத்தில், −269 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டியிருந்தது; நோயாளி அசையாமல் இருந்தாக வேண்டும். இப்போது சில மில்லிமீட்டர் கண்ணாடிக் கலத்தில் ருபிடியம் ஆவியை அடைத்து, அணுக்களின் காந்தங்களை லேசரால் ஒரே திசையில் நிறுத்தி, காந்தப்புலம் அவற்றை எவ்வளவு திருப்புகிறது என்று அதே ஒளியில் பார்க்கிறார்கள். கடிகாரக்காரர்கள் அறவே விலக்கப் பாடுபடும் காந்த நகர்வே இங்கே அளக்க வேண்டிய பொருளாகிறது. குளிரூட்டல் தேவையில்லாததால் உணரிகளைத் தலைக்கவசத்தில் பொருத்தித் தலையை ஒட்டியே வைக்கலாம். நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் 2018-இல் இப்படி அணிந்துகொள்ளும் கருவியை வெளியிட்டன. காந்தத் தடுப்பு அறை இன்னமும் தேவைப்படுகிறது என்றாலும், ஓரிடத்தில் இருக்க மறுக்கும் குழந்தைகளிடமும் வலிப்பு நோயாளிகளிடமும் இதற்குள்ள பயன் பெரிது.

இயற்பியலின் அடிப்படை விதிகளைச் சோதிக்க இந்தக் கருவிகள் உதவுமா, அல்லது அதற்குப் பெரிய துகள் முடுக்கிகள்தான் வேண்டுமா?
– முதுகலை இயற்பியல் மாணவி, திருநெல்வேலி

இரண்டும் வேண்டும், ஆனால் ஓர் அறைக்குள் அடங்கும் கருவி எழுப்பும் கேள்விகள் சிறியவை அல்ல. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியை எடுத்துக்கொள்ளுங்கள். அது காலத்தோடு மாறினால் வெவ்வேறு அணுக்களின் அதிர்வெண்கள் வெவ்வேறு அளவில் நகரும். அலுமினிய அயனிக் கடிகாரத்தையும் பாதரச அயனிக் கடிகாரத்தையும் ஏறத்தாழ ஓராண்டு ஒப்பிட்ட போல்டர் ஆய்வாளர்கள், அப்படி மாற்றம் இருந்தாலும் அது ஆண்டுக்கு ஆயிரம் கோடிக் கோடியில் சில பங்குக்கு மேல் இருக்க முடியாது என்று 2008-இல் காட்டினர். எல்லாப் பொருள்களும் ஒரே முடுக்கத்தில் விழுகின்றனவா என்ற கலிலியோவின் கேள்வியை, ஸ்டான்ஃபோர்டின் பத்து மீட்டர் குழாயில் ருபிடியம்-85, ருபிடியம்-87 ஆகியவற்றை ஒன்றாக விழ விட்டுச் சோதித்து, லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவு வரை வேறுபாடு இல்லை என்று 2020-இல் அறிவித்தனர். அங்கே 2015-இலேயே ஓர் அணுவின் அலையை 54 சென்டிமீட்டர் இடைவெளிக்குப் பிரித்து மீண்டும் சேர்த்திருந்தார்கள்.

உங்களுக்கு ஆய்வுத் தலைப்பு தேட உதவக்கூடிய ஒரு முரண்பாடும் இருக்கிறது. ஓர் ஒளித்துகளை ஏற்கும்போது அணு எவ்வளவு பின்னடிக்கிறது என்பதை அளந்தால் நுண்கட்டமைப்பு மாறிலியைப் பெறலாம். பெர்க்லியில் சீசியத்தைக் கொண்டு 2018-இல் ஒரு மதிப்பு கிடைத்தது. பாரிஸில் ருபிடியத்தைக் கொண்டு 2020-இல் அதைவிடத் துல்லியமான மதிப்பு கிடைத்தது. இரண்டிலும் மாறிலியின் தலைகீழ் (ஒன்றை அந்த மாறிலியால் வகுத்தால் கிடைப்பது) 137.035999 என்பது வரை ஒன்றே. அடுத்த இலக்கங்களில் இரண்டும், தத்தம் பிழை எல்லைகளைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாக விலகி நிற்கின்றன. எலக்ட்ரானின் காந்த வலிமையைக் குறிக்கும் காந்தத் திருப்புத்திறனை, அடிப்படைத் துகள்களையும் விசைகளையும் விளக்கும் கோட்பாடான செந்தரப் படிமம் கணித்துச் சொல்வதற்கு இந்த மாறிலிதான் அடிப்படை என்பதால், இவற்றுள் எது சரி என்று தெரியும் வரை அந்தக் கணிப்பைச் சோதித்து முடிக்க முடியாது.

தோரியம்-229 மற்றொரு திறப்பு. அதன் அணுக்கருவுக்கே, லேசரால் எட்டக்கூடிய 8.4 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் ஓர் ஆற்றல் நிலை உண்டு. 2024-இல் ஐரோப்பிய, அமெரிக்கக் குழுக்கள் 148 நானோமீட்டர் புற ஊதா லேசரால் அதை எட்டிவிட்டன. எலக்ட்ரான்களின் காப்புக்குள் இருப்பதால் கருவைச் சூழலின் தொல்லை அதிகம் தொடாது. அதே வேளையில் நுண்கட்டமைப்பு மாறிலியில் மாற்றம் இருந்தால், இன்றைய எந்த அணுக் கடிகாரத்தையும்விடப் பன்மடங்கு கூர்மையாக அதை இந்தக் கரு உணரும் என்று கணிப்புகள் கூறுகின்றன. இதைக் கொண்டு முழுமையான கடிகாரம் ஒன்றை இயக்கும் பணி இப்போது பல ஆய்வகங்களில் நடந்து வருகிறது.